பனிமேல் ஓடிய கம்பத்து அம்பாசிடர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு குளிர்காலம் போய்விட்டது. காலையில் எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கிப் பனி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. விழுந்திருந்தால், அது மாவு மாதிரிப் பனியா, ஈரப் பனியா, மேலே ஓடு கட்டின பனியா என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. "இன்னும் பட்டறைக்குப் போறதாட்டமே பாக்கறயே" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு இந்த முறை வேலை அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். மலரில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர், மருந்து கம்பெனி, பேங்க் என்று இருந்தவர்கள். "ஆன்ட்டி, நீங்க கார் மெக்கானிக்கா இருந்தீங்களாமே, அதப் பத்தி ரைட் பண்ணுங்க, டிஃப்ரண்டா இருக்கும்" என்றாள் மலர்க் குழுவில் இருக்கும் பெண். மெக்கானிக் என்பது பாதிதான் சரி. நாங்கள் காரைப் பழுது பார்க்கவில்லை. பழங்காலக் கார்களின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அவற்றைப் பனிமேல் ஓடும்படி மாற்றினோம். முன்சக்கரம் இருந்த இடத்தில் இரண்டு ஸ்கீக் கட்டைகள். பின்னால், நம் ஊரில் செயின் பொக்லைனுக்கு இருக்குமே, அதுபோலச் சுற்றிச் சுற்றி வரும் அகலமான பட்டை.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எதுக்குங்க?" என்பதுதான். முன்காலத்தில் இங்கே அமெரிக்காவில் கிராமச் சாலைகளில் பனியை யாரும் வாரவில்லை. டாக்டரும் தபால்காரரும் இப்படி மாற்றின கார்களில்தான் வீடு வீடாகப் போனார்கள். பழைய கார்மேல் பைத்தியமாக இருப்பவர்களுக்கு அதை மறுபடியும் ஓட்டிப் பார்க்க ஆசை. மலைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களும் வருவார்கள். சிலருக்குக் காரணமே கிடையாது. காரைப் பார்த்தால் அவர்கள் முகம் மாறும், அவ்வளவுதான்.

நான் கோயம்புத்தூர் கணபதிப் பக்கம். அப்பா பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை வைத்திருந்தார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். கல்யாணமாகி நியூஜெர்சியில் பிஸ்கட்டவே ஊருக்கு வந்தபோது கணவரின் விசாவில் வந்ததால் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பிள்ளைகளை வளர்த்தேன், கார் ஓட்டக் கற்றேன், கோயில் கேன்டீனில் இட்லி ஊற்றினேன். கிரீன் கார்டு வந்ததும் எல்லோரும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் படிக்கச் சொன்னார்கள். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு தகரக் கட்டடத்தில் 'வெல்டர் தேவை' என்று அட்டை தொங்கியதைப் பார்த்து நான் அங்கே போனேன்.

பட்டறைக்காரர் பெயர் ரே. உயரமான மனிதர், காலமெல்லாம் காருக்கு அடியில் குனிந்து குனிந்து முதுகு கூனிப் போயிருந்தது. நான் சுடிதாரில் போய் நின்றேன். என்ன படித்தாய், எங்கிருந்து வருகிறாய் என்று அவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு இரும்புப் பட்டையைக் கையில் கொடுத்து வெல்டிங் மிஷினைக் காட்டிவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து நான் போட்ட பற்றவைப்பின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். "நாளைக்கு இந்தத் துணியெல்லாம் நெருப்புப் பிடிக்கும். பருத்தியில் பேன்ட் வாங்கிக்கொள்" என்றார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிய வீடு வந்து சேர வேண்டியிருந்தது.

என் முழுப்பெயர் சாந்தாமணி. ரேவின் வாயில் அது 'சான்டா' ஆயிற்று. இங்கே அது கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயர். பனி வண்டி செய்யும் பட்டறையில் சான்டா என்று ஒருத்தி இருந்தால் வருகிற வாடிக்கையாளர் எல்லாம் என்ன ஜோக் அடித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரேவுக்குக் குரல் உயராது. கோபம் வந்தால் துடைப்பத்தை எடுத்துப் பட்டறையைக் கூட்ட ஆரம்பிப்பார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, சுத்தமாக இருந்தாலும் கூட்டுவார். அவர் துடைப்பத்தைத் தொட்டதுமே நாங்கள் கையிலிருப்பதை வைத்துவிட்டு எங்கே தப்பு நடந்தது என்று தேட ஆரம்பிப்போம். கண்டுபிடித்துவிட்டால் துடைப்பம் மூலைக்குப் போய்விடும். அதைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

அவரிடம் கற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஸ்கீயின் அடியில் நடுவாக ஓர் இரும்பு விளிம்பு வேண்டும். அது பனியைக் கவ்வினால்தான் வண்டி திரும்பும், இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் நேராகவே போய்க்கொண்டிருக்கும். பின்பக்கம், காரின் சக்கரத்துக்கு முன்னால் இன்னொரு சக்கரத்தைத் தொங்கவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பட்டையைச் சுற்ற வேண்டும். பட்டை ரப்பர், குறுக்கே இரும்புச் சட்டங்கள். அதன் இறுக்கத்தைப் பார்க்க ரே கருவி எதையும் நம்பமாட்டார். நடுவில் உள்ளங்கையை வைத்து உடம்பின் கனத்தைக் கொடுத்து அழுத்துவார். தளர்ந்தால் திருப்பத்தில் பட்டை கழன்று விழும். இறுக்கினால் பேரிங் வெந்துவிடும். "கை குலுக்கும்போது எப்படிப் பிடிப்பாய், அந்த அளவு" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. காரில் புதிதாக ஒரு துளைகூடப் போடக்கூடாது. எதையும் வெட்டக்கூடாது. ஏற்கனவே இருக்கும் துளைகளில், ஏற்கனவே இருக்கும் போல்ட்டுகளைப் பிடித்துத்தான் எங்கள் சாமான்கள் நிற்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு நட்டும் காபி டின்னில் போட்டு, டின்மேல் பெயர் ஒட்டி, கார் போகும்போது கூடவே போக வேண்டும். "இந்தக் கார் நமக்கு முன்னாலும் இருந்தது. நமக்கு அப்புறமும் இருக்கும். நாம் நடுவில் வந்தவர்கள்" என்பார் ரே. இந்தச் சட்டத்தால் ஒரு நாள் வேலை ஒரு வாரம் ஆகும். ஒரே ஒரு துளை போட்டால் முடிகிற இடத்தில் மூன்று கவ்விகள் செய்துகொண்டிருப்போம். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும்.

சாகுல் எங்களுக்குப் பழக்கமானது ஃப்ரீசரால். ஒரு வருஷம் வடக்கே வெர்மான்ட்டுக்குப் போன வண்டி ஒன்றில் கடுங்குளிரில் ரப்பர் பட்டை கிழிந்துவிட்டது. புது ரப்பரைக் குளிரில் வைத்துச் சோதிக்கலாம் என்றால் அப்போது ஜூலை மாதம், வெளியே கொளுத்துகிறது. மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் மளிகை வாங்கும் கடையில் ஆள் நுழைகிற அளவு இறைச்சி ஃப்ரீசர் இருந்தது. கடைக்காரர் சாகுல், கம்பத்துக்காரர். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஹலால் கடை வைத்தவர். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"தாராளமா வைங்கக்கா. ஆனா இந்த டயரு ஹலாலான்னு கஸ்டமர் கேட்டா நான் என்ன ஆன்சர் பண்றது?" என்றார்.

பிளாஸ்டிக்கில் நன்றாகச் சுற்றி, தொங்கும் ஆடுகளுக்கு எதிர்ச்சுவரில் எங்கள் ரப்பர் பட்டைகளைத் தொங்கவிட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் எங்கள் ரப்பர் சாகுலின் ஃப்ரீசரில் பாஸானால்தான் வண்டியில் ஏறும். சாகுலும் ஒழிந்த நேரத்தில் பட்டறைக்கு வந்து வேடிக்கை பார்ப்பார். அப்படி வந்த ஒரு நாள்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"அக்கா, எங்க அத்தாவோட அம்பாசிடர் இருக்கு. அத இந்த மாதிரி கன்வர்ட் பண்ண முடியுமா?"

அவருடைய தந்தை அப்துல் காதர் ராவுத்தர் கம்பத்தில் டாக்ஸி ஓட்டியவர். குமுளி மலையேற அவர் வண்டிதான் வேண்டும் என்று காத்திருந்து ஏறியவர்கள் உண்டாம். மனைவி இறந்த பிறகு மகன் கூப்பிட்டபோது, வண்டியை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பழைய வண்டிகளை இங்கே இறக்குமதி செய்ய அனுமதி உண்டு. சாகுல் அலைந்து திரிந்து அதைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கில் இறக்கினார். ஆனால் வந்த இடத்தில் பெரியவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம். பக்கவாட்டுப் பார்வை குறைந்துவிட்டது, ரோட்டில் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"டெய்லி ஈவ்னிங் கராஜ் டோரத் தொறந்து வச்சு, வண்டில ஒக்காந்து ஸ்டார்ட் பண்ணுவாரு. கொஞ்ச நேரம் சத்தத்தக் கேப்பாரு. ஆஃப் பண்ணிட்டு எறங்கி வந்துருவாரு. பாக்க முடியலக்கா." சாகுல் கைகளைப் பிசைந்தார். "போகோனோஸ் மலைல நமக்கு ஒரு வீடு இருக்கு. பின்னாடி பெரிய கிரவுண்டு. விண்டர்ல ஃபுல்லா பனி. அது நம்ம சொந்த எடம், லைசென்ஸ் வேணாம், எதிர்ல வண்டி வராது. அங்க ஓட்டட்டுமே."

ரேவிடம் சொன்னேன். அம்பாசிடரை அவர் பார்த்ததே இல்லை. வண்டி வந்து இறங்கியதும், அதன் உருண்டையான பானட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் கம்பி இருப்பதைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஓட்டப் போவது யார்?"

"என் தகப்பனார்" என்றார் சாகுல்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சர்ப்ரைஸ். சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்."

ஓட்டுகிறவரைப் பார்க்காமல் வேலையை எடுத்துக்கொள்வது ரேவின் வழக்கமில்லை. ஆனால் அவர் கை பானட்டைவிட்டு எழவே இல்லை. "சரி" என்றார்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க அம்பாசிடர்தான். இந்த வண்டியின் கனமெல்லாம் முன்பக்கம். ஸ்கீ பனிக்குள் மூக்கைப் புதைத்துக்கொள்ளும் என்று பயந்து, வழக்கத்தைவிட அகலமாக, நுனியை நன்றாக மேலே வளைத்துச் செய்தோம். பின்பக்கம் கூடுதல் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தை எங்கே பிடிப்பது என்பது பெரிய தலைவலியாக இருந்தது. கடைசியில் வண்டியின் குலுக்கலைத் தாங்கும் லீஃப் பிளேட்டைக் கட்டியிருக்கும் 'யூ' போல்ட்டுகளையே பிடிக்கும்படி கவ்விகள் செய்தேன். முதல் ஜோடி சரியில்லை, இரண்டாவதும் இல்லை. மூன்றாவதைக் கட்டைவிரலால் தடவிவிட்டு ரே தலையை ஆட்டினார். வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது எஞ்சின் ஆயில் தொட்டியில், சம்ப்பில், ஒரு நல்ல சொட்டை இருப்பதைப் பார்த்தேன். ஏதோ கல்லில் வாங்கிய அடி. தட்டி நிமிர்த்தட்டுமா என்று கேட்டேன். "கேட்காத வேலை செய்யாதே" என்றார் ரே. நட்டு டின்களில் நான் தமிழிலேயே எழுதி ஒட்டினேன்: முன்பக்கம் வலது, முன்பக்கம் இடது. ஊர் வண்டிக்கு இங்கிலீஷில் எழுத மனம் வரவில்லை.

முதல் பெரிய பனி விழுந்த வாரம் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகோனோஸ் போனோம். வீட்டுக்குப் பின்னால் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம். மைதானம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. சாகுல் உள்ளே போய்த் தகப்பனாரைக் கைபிடித்து அழைத்து வந்தார். பெரியவர் ஒல்லியான ஆள். வெள்ளைத் தாடி, தலையில் கம்பளிக் குல்லாய், மகனுடைய பெரிய ஓவர்கோட்டுக்குள் அமுங்கிப்போயிருந்தார்.

"அத்தா, உங்க வண்டி. சர்வீஸ் முடிஞ்சிருச்சு" என்று சாகுல் தார்ப்பாயை இழுத்தார்.

பெரியவர் முதலில் பானட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு கண் கீழே இறங்கியது. மெதுவாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்து நின்றார்.

"சக்கரம் எங்கப்பா?"

"அத்தா, இது பனில ஓட்றதுக்கு. இனிமே நீங்க எவ்ளோ வேணா டிரைவ் பண்ணலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"என்னையக் கேட்டியா?"

சாகுல் கையிலிருந்த தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"காலு ரெண்டையும் எடுத்துப்புட்டுக் கட்டையக் கட்டி நிப்பாட்டி வச்சிருக்கீக. என் வண்டிய என்ட்ட ஒரு வார்த்த கேக்காம..." குரல் உடைந்தது. திரும்பினார். சாகுல் கைத்தாங்கலுக்குப் போனபோது கையை உதறிவிட்டு, பனியில் தடுமாறித் தடுமாறித் தானே நடந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

"என்ன சொன்னார்?" என்று ரே கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். சாகுல், "கொஞ்ச நேரம் ஆனா சரியாயிருவாரு, லெட்ஸ் வெயிட்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ரே பனி வாரும் மண்வெட்டியை எடுத்து வண்டியைச் சுற்றி வார ஆரம்பித்தார். வாரத் தேவையே இல்லை. ஒரு பக்கம் முழுக்க வாரி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தப்பு என்னுடையது, சான்டா. காரைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. சக்கரத்தை மாட்டு."

"இன்றைக்கேவா?"

"இப்போதே. அது அவருடைய கார்."

சாகுல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ரே கேட்கவில்லை. ஜாக்கி பனியில் புதையாமல் இருக்க அடியில் பலகை போட்டோம். வலது ஸ்கீயைக் கழற்றினேன். மாதக்கணக்கில் செய்த வேலையை என் கையாலேயே பிரித்தேன். கையுறையோடு நட்டைப் பிடிக்க முடியாது, கழற்றினால் விரல் மரத்துவிடும். சமையலறை ஜன்னலில் ஒரு குல்லாய் தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

டிரெய்லரிலிருந்து பழைய சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து வைத்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. பெரியவர் நின்றுகொண்டிருந்தார். என் காலடியில் இருந்த டின்னைக் குனிந்து எடுத்து, கண்ணுக்கு அருகில் பிடித்து, "முன்பக்கம் வலது" என்று வாய்விட்டுப் படித்தார். ஒரு நட்டை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இது நீ எழுதுனதாம்மா?"

"ஆமாங்கய்யா."

"எந்த ஊரு?"

"கோயம்புத்தூருங்க."

"என் வண்டில எத்தன ஓட்டை போட்டீக?"

"ஒண்ணுகூடப் போடலீங்கய்யா."

"சும்மா சொல்லாத."

"நெசமாத்தாங்க. வேணும்னா பாருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் பாட்டுக்குத் தார்ப்பாயைப் பனியில் விரிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "அத்தா, வேணாம்த்தா, கோல்டு புடிச்சுக்கும்" என்று சாகுல் பதறினார். பெரியவர் அவர் பக்கமே திரும்பவில்லை. ரே இரண்டாவது ஜாக்கியையும் முட்டுக்கட்டைகளையும் வைத்து வண்டியை நன்றாகத் தாங்கவைத்தார். பிறகு டார்ச்சைப் பெரியவர் கையில் கொடுத்தார். பெரியவர் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தார். மறுபக்கத்திலிருந்து நான் நகர்ந்தேன்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய விரல் ஒவ்வோர் இடமாகப் போயிற்று.

"இது?"

"இது நாங்க செஞ்ச கவ்விங்க. உங்க யூ போல்ட்டைப் புடிச்சு நிக்குது. அவுத்தா வந்துருமுங்க."

"இது?"

"பம்பர் தாங்கற ஓட்டைங்க. முன்னாடியே இருந்ததுதானுங்க."

விரல் நகர்ந்து நகர்ந்து சம்ப்புக்கு வந்தது. அந்தச் சொட்டையில் நின்றது. அவருக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, இடம் தெரிந்திருந்தது.

"இத நீங்க நிமுத்தலையா?"

"இல்லீங்க. சொல்லாம எதையும் தொடக் கூடாதுன்னுட்டாருங்க எங்க மொதலாளி."

பெரியவர் சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். அவருடைய மூச்சு புகையாக எழுந்து சம்ப்பில் பட்டது. என் பக்கம் தலையைத் திருப்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"இது வெளிய நிக்கிற இவென் போட்டது. காலேஜு சேந்த புதுசு. நான் தொழுகப் போயிருந்த நேரம் சாவிய எடுத்துக்கிட்டுக் குமுளி ரோட்டுக்குப் போயிட்டான். கல்லுல ஏத்திப்புட்டான். கழுவித் தொடச்சு, இருந்த எடத்துலயே நிப்பாட்டி வச்சிருந்தான். எனக்குத் தெரியாதுன்னு இன்ன வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கான்." வண்டிக்கு வெளியே சாகுலின் பூட்ஸ் கால்கள் இரண்டும் பனியை மிதித்து மிதித்து இடம் மாறிக்கொண்டிருந்தன. "அப்பயும் என்னையக் கேக்கல. இப்பயும் கேக்கல."

"நீங்க ஏனுங்கய்யா அவரைக் கேக்கல?"

"அவுக அம்மா வேணாம்னுட்டா. கேட்டா இனிமே வண்டியத் தொட மாட்டான், பயந்துருவான்னா." கொஞ்ச நேரம் அந்தச் சொட்டையிலேயே உள்ளங்கையை வைத்திருந்தார். "நான் இருக்குற வரைக்கும் அவென்ட்ட இதச் சொல்லாதம்மா. வெக்கப்படுவான்."

வெளியே வந்ததும் அவர் கோட்டில் ஒட்டிய பனியை ரே தட்டிவிட்டார். பெரியவர் நேராக மகன் முன்னால் போய் நின்றார்.

"இப்பக் கேளு."

"என்னத்தா?"

"கேக்க வேண்டியத இப்பக் கேளுங்குறேன்."

சாகுல் ஐம்பதைத் தாண்டியவர். கடையில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவர். கைகளைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்துப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

"அத்தா... உங்க வண்டிய... பனில ஓட்ற மாதிரி மாத்திக்கலாமாத்தா?"

பெரியவர் வண்டியைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டார்.

"எங்கிட்டு மாட்டணும், காட்டும்மா."

ஸ்கீயை நானும் ரேவும் தூக்கிப் பிடிக்க, போல்ட்டுகளை அவர்தான் முடுக்கினார். நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசி முடுக்குக்கு ரே கை கொடுக்க வந்தபோது மட்டும், "நான் பாத்துக்கிறேன்" என்று தமிழிலேயே சொன்னார். ரேவுக்குப் புரிந்துவிட்டது.

பெரியவர் வலதுபக்கம் ஏறி உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி ஸ்டார்ட் செய்தார். ஒரே சீட்டாக நீண்ட முன்சீட்டில் சாகுல் பக்கத்தில், நான் ஓரத்தில். முதல் கியரில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது, பின்னால் பட்டை பனியைக் கவ்விற்று, நகர்ந்தது. ஸ்கீ மூக்கைப் புதைக்கவில்லை. பட்டை சுற்றுகிற கடகடப்பைத் தவிர வேறு சத்தமில்லை. மைதானத்தின் கோடியில், மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் திரும்ப வேண்டியிருந்தது. அவர் நீளமாக ஹாரன் அடித்தார். மரங்களுக்குள்ளிருந்து இரண்டு மான்கள் தெறித்து ஓடின.

"இங்க எதுக்குத்தா ஹாரன்?" என்றார் சாகுல்.

"வளைவுல அடிக்காமத் திருப்பச் சொல்றியா?" என்றார் பெரியவர்.

மூன்றாவது சுற்று முடிந்ததும் நிறுத்தினார். மகனை ஓட்டச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். முன்சீட்டில் ஏறாமல் பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "வண்டி வாங்குன நாள்லருந்து இங்கிட்டு ஒக்காந்ததே இல்ல" என்றார். நான் இறங்கி ரேவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கிளட்ச்சை விடத் தெரியாமல் சாகுல் இரண்டு முறை எஞ்சினை அணைத்தார். பின்னாலிருந்து ஏதோ அதட்டல் கேட்டது. பிறகு வண்டி கிளம்பிப் போயிற்று.

"அடியில் படுத்துக்கொண்டு என்ன பேசினீர்கள், இவ்வளவு நேரம்?" என்று ரே கேட்டார்.

"சம்ப்பைப் பற்றி" என்றேன். அது பொய்யில்லை.

அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் பெரியவர் அந்த மைதானத்தில் ஓட்டினார். ஒவ்வொரு வசந்தத்திலும் சக்கரம் மாட்டவும், டிசம்பரில் கழற்றவும் நாங்கள் போனோம். ஒவ்வொரு முறையும் சாகுல் முதலில் கேட்பார், பெரியவர் யோசித்துச் சரி என்பார், அதன் பிறகுதான் டீ வரும். ஐந்தாவது டிசம்பருக்கு அவர் இல்லை. ரேவும் பட்டறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது பட்டைகள் ரெடிமேடாகப் பெட்டியில் வருகின்றன. எந்த வண்டிக்கும் அரை நாளில் மாட்டிவிடலாம். நன்றாகவே ஓடுகின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வருஷங்களை நினைத்தால், வெந்த இரும்பு வாசனையும், ரே கூட்டுகிற துடைப்பத்தின் சத்தமும், ஆடுகளுக்கு நடுவே ரப்பர் தொங்கின ஃப்ரீசரும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

இதுவரை எழுதியதை உடனே மலருக்கு அனுப்பவில்லை. முதலில் சாகுலுக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் பில் போடுகிற சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டன.

"அக்கா, படிச்சேன். அந்த சம்ப்பு மேட்டர்... அத்தாவுக்கு நெசமாவே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"ஃபர்ஸ்ட்லருந்தேவா?"

"அன்னைக்கே தெரியுமுங்க. உங்க அம்மாவுக்கும் தெரியும்."

யாரோ அவரிடம் ஏதோ விலை கேட்டார்கள், அவர் பதில் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் என்னைய ஒரு வார்த்த கேக்கலையேக்கா" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "போடுங்க. அப்டியே போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.